அம்மாகிட்ட பேசுன அன்ரி

முதல்லயே சொல்லிடுறேன், நான் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் சிரிக்கிற கட்சி. எங்க கோவில்பட்டில கோயில் கொடை நடக்குறப்ப சாமியாடி குறி சொல்ல ஆரம்பிச்சா மொத்தத் தெருவும் கையக் கட்டிக்கிட்டு நிக்கும், நான் மட்டும் பின்னாடி நின்னு போன்ல வீடியோ எடுத்து பசங்களுக்கு அனுப்பிட்டு இருப்பேன். அதுக்காக எங்க அம்மாகிட்ட வாங்காத திட்டு கிடையாது. மெக்கானிக்கல் படிச்சவன் நான், எங்கயாவது சத்தம் வந்தா பேரிங் தேஞ்சிருக்கான்னு பாக்குற புத்தி. அதனால இப்ப சொல்லப் போறத நீ நம்பணும்னு கட்டாயம் இல்ல. நடுவுல சிரிக்காம கேளு, அது போதும். சிரிக்கணும்னா முடிச்சதுக்கு அப்புறம் சிரி.

நான் மெல்பர்ன் வந்தது ஜூலைல, செம குளிர். கிளேட்டன்ல யூனிவர்சிட்டிக்குப் பக்கத்துல ஒரு பழைய செங்கல் வீடு, அதுல மூணு பேர். நான், யாழ்ப்பாணத்துப் பையன் நிர்மலன், அப்புறம் ஒரு நேபாளி. நேபாளி ரெஸ்டாரன்ட்ல வேலை, நிர்மலன் டாண்டினாங் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல ஈவினிங் ஷிஃப்ட். அதனால சாயங்காலம் ஆனா அந்த வீட்டுல நான் ஒருத்தன்தான். அஞ்சு மணிக்கே கும்மிருட்டு வேற. தெருவுல மனுஷ நடமாட்டமே இருக்காது. நம்ம ஊர்ல யாராவது செத்தாக்கூட தெருவுல இத விட சத்தம் இருக்கும். முதல் வாரம் நான் பேசுன ஆட்கள எண்ணிப் பாத்தா, பஸ் டிரைவருக்கு சொன்ன தேங்க்யூவையும் சேத்துக்கணும், அவ்வளவுதான்.

எங்க அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. அப்பா நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போதே தவறிட்டாரு, நான் ஒரே பிள்ளை. அம்மாவுக்கு ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர் வேலை. மதியம் பிள்ளைங்களுக்குப் போட்டு முடிச்சு, பாத்திரம் கழுவினத எல்லாம் பாத்துட்டு வீட்டுக்கு வந்து அவங்க ஒரு வாய் சாப்பிட உக்காருற நேரமும், நான் இங்க ராத்திரிக்கு சமைக்கிற நேரமும் கரெக்டா ஒண்ணா வரும். அதனால தெனமும் வீடியோ கால். நம்ம ஆளுங்க வீடியோ கால் எப்படின்னு உனக்கே தெரியும், பேசுறதுக்கா போடுறோம்? போட்டு அடுப்படில சாத்தி வச்சிட்டு அவங்கவங்க வேலையப் பாக்குறதுதான். நான் போன ஊறுகா பாட்டில்ல சாத்தி வைப்பேன், அவங்க அரிசி டப்பால சாத்தி வைப்பாங்க. வெங்காயம் வெட்டுற சத்தம் அங்க கேக்கும், அவங்க குழம்பு ஊத்துற சத்தம் இங்க கேக்கும். ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டோம், ஆனா கட் பண்ணவும் மாட்டோம். மணிக்கணக்குல ஓடும்.

எனக்கு அப்ப இருந்த பயம் ஒண்ணே ஒண்ணுதான். நான் இவ்வளவு தூரத்துல இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது. நான் போக வேண்டாம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லல, போன்னுதான் சொன்னாங்க, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, "எனக்கென்னப்பா, கல்லு மாதிரி இருக்கேன்"னு ஒரே பதில். நானும் அதே மாதிரிதான், படிப்பு சூப்பர், சாப்பாடு சூப்பர், குளிரே தெரியலன்னு அளந்து விடுவேன். ஆனா தெனமும் குக்கர அடுப்புல வச்சிட்டு, "குளிச்சிட்டு வந்துடுறேம்மா"ன்னு சொல்லிட்டு பாத்ரூம் போயி, ஷவரத் தொறந்து விட்டுட்டு உக்காந்து அழுவேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே தெரியாது. லெக்சரர் பேசுறது பாதி புரியல, நண்பன்னு ஒருத்தன் இல்ல, அதெல்லாம் காரணம்தான், ஆனா அதுக்காக ஒரு எருமமாடு கணக்கா இருக்குற ஆளு தெனமும் அழுவானா? அழுதேன். தண்ணி சத்தத்துல வெளிய கேக்காதுங்குற தைரியம். அவ்வளவு நேரமும் போன் அங்கயே, அடுப்படில, ஆன்லயே இருக்கும்.

இதுக்கு நடுவுல இன்னொரு ஆளப் பத்தி சொல்லணும், புஷ்பா அன்ரி. எங்க ஊர்ல ஆன்ட்டிம்போம், நிர்மலன் அன்ரி அன்ரின்னு சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே ஒட்டிக்கிச்சு. நிர்மலனுக்குச் சித்தி, நோபல் பார்க்ல வீடு, வயசானவங்க இல்லத்துல வேலை. நான் வந்த புதுசுல ஒரு தடவ வந்து பாத்துட்டு, "நல்லா மெலிஞ்சு போனியள் தம்பி, இவன் உங்களுக்கு ஒண்டும் சமைச்சுத் தாறேல்லையோ"ன்னு நிர்மலனத் திட்டிட்டு, பிட்டும் சொதியும் ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டுப் போனாங்க. அவங்ககிட்ட எங்க வீட்டுச் சாவி ஒண்ணு இருக்கு. ஷிஃப்டுக்குப் போற வழில யாரும் இல்லாதப்பக்கூட வந்து சாப்பாடு வச்சிட்டுப் போயிடுவாங்க. நான் ராத்திரி ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்துட்டு, தேங்க்ஸ் அன்ரின்னு மெசேஜ் போடுவேன், அவங்க ஒரு ஹார்ட் அனுப்புவாங்க. இவ்வளவுதான் எங்களுக்குள்ள.

ஒருநாள் அம்மா சாப்பிட்டுக்கிட்டே, "அந்த சிலோன் அம்மா நல்லா பேசுறாங்கப்பா"ன்னாங்க. நான் குளிச்சிட்டு, அதாவது அழுதுட்டு, மூஞ்சி கழுவிட்டு வந்து நிக்கேன். யாரும்மான்னேன். "அதான், அந்த அன்ரி. நீ குளிக்கப் போனதும் வந்தாங்க, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்தோம்." எனக்கு சந்தோஷமாப் போச்சு. புஷ்பா அன்ரி சாப்பாடு வைக்க வந்திருப்பாங்க, போன்ல அம்மாவப் பாத்திருப்பாங்க, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் அடிக்கடி இதே கதைதான். அன்ரி வந்தாங்க, அன்ரி சொன்னாங்க. அம்மா பேச்சுல திடீர்னு "குசினி"ன்னு ஒரு வார்த்தை வருது. கோவில்பட்டிக்காரி அடுப்படின்னு சொல்லாம குசினிங்குறாங்க, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அம்மாவும் சிரிச்சாங்க. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா ஒருத்தர்கிட்ட மனசு விட்டுப் பேசி சிரிக்கிறாங்கன்னா அதக் கெடுக்கலாமா? நான் ஒண்ணும் கேக்கல.

இங்கதான் நம்ம ஆளுங்க புத்தி. வெள்ளைக்காரனா இருந்தா முதல் நாளே கை கொடுத்து, என் பேரு இது, உங்க பேரு என்னன்னு கேட்டிருப்பான். நம்ம வயசுல பெரியவங்க பேரக் கேப்போமா? மரியாதை இல்லையே. அம்மாவும் கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு பேரும் அன்ரி அன்ரின்னே அத்தன வாரத்த ஓட்டிட்டோம்.

இன்னொண்ணும் அப்ப உறைக்கல. அந்த வீட்டு ஸ்மோக் அலாரம் ஒரு சனியன், கடுகு வெடிச்சாலே கத்தும். நிர்மலன் தாளிக்கும்போதெல்லாம் ஒரு கைல கரண்டி, ஒரு கைல டவலு, விசிறிக்கிட்டேதான் தாளிப்பான். ஆனா குக்கர வச்சிட்டு அவ்வளவு நேரம் பாத்ரூம்ல கிடக்குற எனக்கு ஒருநாள்கூட சோறு அடிப்பிடிச்சது கிடையாது. வந்து பாத்தா அடுப்பு ஆஃப்ல இருக்கும். நான்தான் அணைச்சிட்டுப் போயிருப்பேன்னு நினைச்சுக்குவேன். என்ன விட ஒரு மடையன் உண்டா சொல்லு, குக்கர அடுப்புல வச்ச உடனே அணைச்சிட்டுப் போனா அரிசி எப்படிடா வேகும்?

சரி, அந்த சாயங்காலத்துக்கு வர்றேன். அன்னைக்கு வெளிய மழை, ஜன்னல் கண்ணாடி பூரா ஆவி பிடிச்சிருந்துச்சு. அம்மா கன்னத்துல கைய வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்னம்மான்னேன், பல்லு வலி, கிராம்பு வச்சிருக்கேன்னாங்க. முகம் கொஞ்சம் வேத்திருந்துச்சு. ஆகஸ்ட்ல கோவில்பட்டில வேக்காம என்ன செய்யும்னு நானும் விட்டுட்டேன். குக்கர வச்சேன். குளிச்சிட்டு வரேம்மான்னேன். "போயிட்டு வா, மெதுவா வா"ன்னாங்க. அந்த மெதுவா வாங்குறது வழக்கமா சொல்ற வார்த்தை இல்ல.

திரும்பி வந்து பாக்குறேன், அடுப்பு ஆஃப். போன் ஆன்ல இருக்கு. ஸ்கிரீன்ல எங்க வீட்டு அடுப்படி தெரியுது, அம்மாவக் காணோம். தட்டுல பாதி சோறு அப்படியே இருக்கு. அம்மா உக்காந்திருந்த முக்காலி கவுந்து கிடக்கு. அம்மா அம்மான்னு கூப்பிடுறேன், பதில் இல்ல. கொல்லைக்குப் போயிருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். சாப்பாட்டுத் தட்ட அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுப் போற ஆளே இல்ல எங்க அம்மா, பிள்ளைங்க ஒரு பருக்கை சிந்துனாலே திட்டுறவங்க. நான் கத்த ஆரம்பிச்சிட்டேன். எங்க கத்துறது? ஒரு கண்ணாடிய பாத்து கத்துற மாதிரிதான். அந்தப் பக்கம் ஒரு ஈ வந்து தட்டுல உக்காருது, அது எனக்குத் தெளிவா தெரியுது, அவ்வளவு நல்ல நெட்வொர்க். ஆனா அத ஓட்டக்கூட என்னால முடியாது.

அப்புறம் கால் கட் ஆயிடுச்சு. திரும்ப அடிக்கிறேன், எடுக்கல. எதிர்வீட்டு செல்வி அக்காவுக்கு அடிக்கலாம்னு பாத்தா அவங்க நம்பர் எங்கிட்ட இல்ல. பதினஞ்சு வருஷமா எதிர்வீடு, கூப்பிட்டா கேக்குற தூரம், எதுக்கு நம்பர்னு வாங்கவே இல்ல. நான் செருப்புகூட இல்லாம வாசல்ல மழைல போயி நின்னேன். எங்க போறதுக்குன்னு கேளு. எதுக்குன்னே தெரியல, வீட்டுக்குள்ள நிக்க முடியல.

திரும்ப உள்ள வந்து அடிச்சிக்கிட்டே இருந்தேன், கடைசில அம்மா நம்பர செல்வி அக்கா எடுத்துச்சு. "மாரி, பயப்படாத, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம், அட்டாக்காம், ஊசி போட்டாச்சு, திருநெல்வேலிக்குக் கொண்டு போகச் சொல்லுறாங்க, ஆம்புலன்ஸ்ல ஏத்தியாச்சு." அப்படியே சமையக்கட்டுத் தரைல உக்காந்துட்டேன். எப்படிக்கா, உனக்கு எப்படித் தெரிஞ்சிச்சுன்னு கேட்டேன். அப்ப செல்வி அக்கா சொல்லுது, "உங்க அம்மா வாசப்படி வரைக்கும் வந்து என்னக் கூப்பிட்டுட்டு அங்கயே சாஞ்சிட்டாங்கப்பா. தண்ணி எடுக்க உள்ள ஓடுனா, போன்ல உங்க வீட்டு சிலோன் அம்மா பேசுறாங்க. பல்லு வலி இல்ல, நெஞ்சு, ஆட்டோ வேண்டாம், ஆம்புலன்ஸ் கூப்பிடு, நடக்க விடாதன்னு ஒவ்வொண்ணா சொன்னாங்க. நான் பாட்டுக்கு ரெண்டு மாத்திரையக் குடுத்து படுக்கப் போட்டிருப்பேன். கிளம்புற அவசரத்துலதான் போன அள்ளுனேன், கட் ஆயிடுச்சு. அவங்களுக்கு ஒரு கும்பிடு சொல்லு." அவங்க முகத்தப் பாத்தியாக்கான்னு அப்ப நான் கேக்கல. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. புஷ்பா அன்ரிக்கு கோயில் கட்டணும்னுதான் தோணுச்சு.

நிர்மலனுக்கு போன் பண்ணேன். அவன் அன்ரிக்கு சொல்லி, அன்ரி வேலை முடிஞ்ச கையோட யூனிபாரத்தோட வந்துட்டாங்க. நான் கதவத் தொறந்ததும் கால்ல விழப் போனேன். அவங்க பதறிப் போயி பிடிச்சிக்கிட்டு, "என்ன தம்பி இது, எழும்புங்கோ, அம்மாவுக்கு ஒண்டும் ஆகாது"ன்னாங்க. நீங்க இல்லன்னா எங்க அம்மா இன்னைக்கு இல்ல அன்ரின்னு நான் அழுறேன். அவங்க என் முகத்தையே பாக்குறாங்க.

"நான் என்ன செய்தனான்?"

"நீங்கதானே அன்ரி சொன்னீங்க, ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லி."

"இல்லைத் தம்பி, நான் விடிய வேலைக்குப் போனது, இப்பதான் நேர வாறன். உங்கட அம்மாவோட நான் ஒருநாளும் கதைக்கேல்லையே."

நான் முதல்ல அவங்க பெருந்தன்மையா மறைக்கிறாங்கன்னு நினைச்சேன். அதுக்குள்ள நிர்மலனும் பாதி ஷிஃப்ட்ல கிளம்பி வந்துட்டான். அவன்கிட்ட மொத்தத்தையும் சொன்னேன், இத்தன வாரமா அம்மா பேசினது, குசினி, எல்லாத்தையும். அவன் அன்ரியப் பாத்தான், அன்ரி என்னப் பாத்தாங்க. பின்கதவ போயிப் பாத்தோம், உள்பக்கம் தாப்பா போட்டிருக்கு. முன்கதவு நான்தான் தொறந்தேன். நிர்மலன், "டேய், நீ ஒழுங்கா நித்திரை கொள்ளுறேல்லை, அதுதான்"னான். நான் தூங்காததுக்கும் செல்வி அக்கா காதுல குரல் கேட்டதுக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்டேன். அன்ரி அந்த குக்கரத் தொறந்து பாத்து, சோறப் போட்டு, ஃப்ரிட்ஜ்ல இருந்த கறிய சுட வச்சு, எனக்கு முன்னாடி வச்சாங்க. சோறு பதமா வெந்திருந்துச்சு. எனக்கு அதத் தொடவே பயமா இருந்துச்சு, ஆனா பசி, சாப்பிட்டுட்டேன்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வச்சாங்க. நான் கிளம்பி வரேன்னேன், வந்தா மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. கொஞ்சம் பேசுற அளவுக்கு தேறினதும் நான் மெதுவா கேட்டேன், அந்த அன்ரி எப்படிம்மா இருப்பாங்கன்னு. பச்சைக் கலர் சுவெட்டர், கண்ணாடில கயிறு கட்டி கழுத்துல தொங்கும், நரை முடி, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல உக்காந்துதான் பேசுவாங்கன்னாங்க. எங்க வீட்டுல ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல குப்பைத் தொட்டிதான் இருக்கு, உக்காருற மாதிரி ஒண்ணும் கிடையாது. புஷ்பா அன்ரிய வீடியோல காட்டினேன். "இவங்க இல்லப்பா, அவங்க இன்னும் வயசானவங்க"ன்னாங்க. புஷ்பா அன்ரி விடல, கோயில் திருவிழா போட்டோ, கல்யாண போட்டோன்னு அந்த ஏரியால இருக்குற தமிழ்ப் பொம்பளைங்க அத்தன பேரையும் ஒவ்வொண்ணா காட்டினாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல அடையாள அணிவகுப்பு நடத்துன மாதிரி இருந்துச்சு. ஒருத்தரும் இல்ல. செல்வி அக்காகிட்டயும் கேட்டேன். குரல் நல்லா கேட்டுச்சாம், ஆனா ஸ்கிரீன்ல வெறும் அடுப்படிதான் தெரிஞ்சிச்சாம், அவங்க தள்ளி நிக்கிறாங்கன்னு நினைச்சிச்சாம்.

நீ அடுத்து என்ன கேப்பன்னு தெரியும், அந்த வீட்டுல முன்னாடி யாராவது தமிழ் அம்மா செத்துப் போயிருப்பாங்கன்னு. அதையும் விசாரிச்சாச்சு. ஓனர் ஒரு கிரேக்கத் தாத்தா, அவரு கட்டின வீடு, அவரு குடும்பம் இருந்துச்சு, அதுக்கப்புறம் ஸ்டூடன்ட்ஸ்தான். எல்லாரும் வயசுப் பசங்க. ஒரு தமிழ்ப் பொம்பளை அந்த வீட்டுல குடியிருந்ததே கிடையாது. அப்படி ஒருத்தங்க இருந்திருந்தாக்கூட நான் நிம்மதியா பயந்துட்டுப் போயிருப்பேன். இப்ப பயப்படுறதா, கும்பிடுறதா, ஒண்ணும் விளங்கல.

இன்னொண்ணு அம்மா சொன்னாங்க, அதக் கேட்டு நான் ரெண்டு நாள் அவங்க முகத்தப் பாக்க முடியாமத் திரிஞ்சேன். நான் குளிக்கப் போன மொத நாளே அம்மாவுக்குத் தெரியுமாம், நான் அழுறேன்னு. அந்த அன்ரிதான் சொல்லியிருக்காங்க. "அவன் அழுறான் எண்டு நீங்கள் கேட்டுப் போடாதேங்கோ, கேட்டா அவன் அழுறதையும் விட்டுடுவான். அழட்டும், முடிய அவனே வெளியில வருவான்." அம்மா அத அப்படியே அவங்க பேசுற மாதிரியே பேசிக் காட்டினாங்க. தெனமும் நான் மூஞ்சி கழுவிட்டு வந்து சூப்பரா இருக்கேன்னு சொல்லும்போது, எங்க அம்மா எல்லாம் தெரிஞ்சிக்கிட்டு, அப்படியாப்பான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அந்த பாத்ரூம் வீட்டோட அந்தக் கோடில, நடுவுல ரெண்டு கதவு. என் அழுகை நிர்மலனுக்கே தெரியாது. அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல்ல கேட்டது அந்த அன்ரியத்தான். ஒரு தடவ பாத்து நன்றி சொல்லணும்ப்பா, நீ எப்பவும் போல போன வச்சிட்டு வெளிய போன்னாங்க. நிர்மலன் அன்னைக்கு லீவு, வீட்டுலதான் இருந்தான். எனக்கு வேண்டாம்னுதான் இருந்துச்சு. ஆனா நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குற மனுஷிகிட்ட எதுக்கு சண்டைன்னு, போன ஊறுகா பாட்டில்ல சாத்தி வச்சிட்டு நாங்க ரெண்டு பேரும் வெளிய வந்து கதவ சாத்திட்டு நடையில நின்னோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் அம்மா குரல், "வாங்க, வாங்க, எப்படி இருக்கீங்க"ன்னு. நிர்மலன் என் கையப் பிடிச்சான் பாரு, அந்த எடம் ஒரு நாள் பூரா வலிச்சுச்சு. அம்மா பேசுறாங்க, நிறுத்துறாங்க, ம்ம் கொட்டுறாங்க, சிரிக்கிறாங்க. எதிர்ப்பக்கம் ஒரு சத்தமும் எங்களுக்குக் கேக்கல. கதவத் தொறந்து பாக்க வேண்டியதுதானேன்னு கேப்ப. ஒரு கைப்பிடி, திருப்புனா தொறந்திடும். ரெண்டு ஆம்பளைங்க நின்னோம், ஒருத்தனுக்கும் கை போகல. பயம்னு மட்டும் சொல்ல மாட்டேன். எங்க அம்மா அவ்வளவு சந்தோஷமா சிரிக்கும்போது உள்ள போயி அதக் கெடுத்திடுவோமோன்னும் இருந்துச்சு.

சத்தம் அடங்கினதும் போனோம். யாரும் இல்ல, குப்பைத் தொட்டி அதே எடத்துல இருந்துச்சு. அம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டு இருந்தாங்க. என்னம்மா சொன்னாங்கன்னேன். அம்மா சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சாங்க. அப்புறம், "உங்க வீட்டுக்காரர் ஏன் எப்பவும் உங்களுக்குப் பின்னாலயே நிக்கிறாருன்னு கேட்டாங்கப்பா. காலு உளைஞ்சு போகும், ஒரு கதிரையப் போடுங்கோவன்னு சொன்னாங்க"ன்னாங்க. கதிரைன்னா என்னன்னு நிர்மலன்தான் எனக்கு சொன்னான், நாற்காலி.

அதுக்கப்புறம் அவங்க வரல. நான் இன்னும் ரெண்டு மாசம் அந்த வீட்டுல இருந்தேன், குக்கர நானே நின்னு அணைக்கப் பழகிக்கிட்டேன், அப்புறம் வேற வீடு மாறி, படிப்பு முடிஞ்சு, வேலை கிடைச்சு, இப்ப கிரெய்கிபர்ன் பக்கம் வந்துட்டேன். அழுகையும் நின்னு போச்சு, எப்ப நின்னுச்சுன்னு கவனிக்கல. நிர்மலன் இப்ப கேட்டா பேச்ச மாத்திடுவான்.

ஆனா அம்மா அன்னைக்கே ஹால்ல கிடந்த சேர் ஒண்ணத் தூக்கிட்டு வந்து அடுப்படில, அவங்க முக்காலிக்குப் பின்னாடி போட்டுட்டாங்க. இன்னும் அங்கதான் இருக்கு. அதுல துணி போட மாட்டாங்க, காய்கறிப் பை வைக்க மாட்டாங்க, செல்வி அக்கா வந்தாக்கூட தரைலதான் உக்காரும். தெனமும் வீடியோ கால்ல அம்மா தோளுக்கு மேல அந்த சேரோட முதுகு எனக்குத் தெரியும். எடுத்திடும்மான்னு ஒரு தடவ சொன்னேன், அது பாட்டுக்கு இருக்கட்டும்னாங்க. இப்ப அவங்க உடம்பு நல்லா இருக்கு, சாப்பாடு நேரத்துக்கு சாப்பிடுறாங்க, டாக்டரே ஆச்சரியப்படுறாரு. நான் இது நல்லதுன்னு எடுத்துக்கிறதா, இல்ல பயப்படுறதா, நீயே சொல்லு.

நேத்து பேசிக்கிட்டு இருக்கும்போது, வெளிய யாரோ கூப்பிடுறாங்கப்பா, இரு வந்துடுறேன்னு அம்மா எந்திரிச்சுப் போனாங்க. போன் அங்கயே, ஆன்ல. அடுப்படில யாரும் இல்ல, சேரு மட்டும் நேரா என்னப் பாத்த மாதிரி இருந்துச்சு. கட் பண்ணலாம்னு விரல் போச்சு, போயிட்டு நின்னிடுச்சு. எவ்வளவு நேரம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன்னு தெரியல. அப்புறம் மெதுவா, "நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னேன். யாருகிட்ட சொன்னேன்னு கேக்காத.